கோப்ரலின் பல்வலி

நம் போலீஸ் ஸ்டேஷன் வாசலில், கொடிக்கம்பத்துக்குப் பின்னால் ஒரு கல் நட்டிருக்கிறது. பணியில் உயிரைவிட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், காலை அணிவகுப்பு முடிந்ததும் அதன் முன்னால் போய் நின்று, முகத்தை இறுக்கிக்கொண்டு சல்யூட் அடித்தீர்கள். நானும் ஓரமாக நின்று பார்த்தேன். அடிக்க வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் அந்தக் கல்லில் முதலாவதாக இருக்கும் பெயருக்குச் சொந்தக்காரர் உங்கள் முகங்களைப் பார்த்திருந்தால், "அடி ஆத்தி! யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டிருப்பார்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. கல்லில் இருக்கிறது, போய்ப் படித்துக்கொள்ளுங்கள். நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கார்ப்பரல் பதவியை எங்கள் பக்கம் கோப்ரல் என்போம்; கோப்ரல் என்றால் அவர்தான். மலாய்க்காரர். ஒரு பழைய தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், பிறந்தவர். அவருடைய அம்மா விடியற்காலையில் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில், வேலையாட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் இடத்தில், பலகாரம் விற்பாராம். பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாராம். ஆகவே கோப்ரல் தமிழைத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டார். ஆறடி உயரம், கத்தைமீசை, இடுப்பில் பெல்ட்டு. வாயைத் திறந்தால், "ஏண்டியம்மா, இப்பிடி மசமசன்னு நிக்கிறீங்க?" என்று வரும். அவர் பேச்சில் 'நீ'யும் 'வாங்க'வும் கைகோத்துக்கொண்டு போகும். யாரும் திருத்தவில்லை. திருத்தினால் எங்களுக்குத்தானே நஷ்டம்.

நான் வேலையில் சேர்ந்தது, சிகாமட்டைச் சுற்றிலும் காட்டை அழித்து ரப்பர் போட்டுக்கொண்டிருந்த காலத்தில். தெற்கே ஜோகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் கடலை மறித்துப் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டங்கள் பெருகின. தமிழர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். தமிழ் தெரிந்த போலீஸ்காரன் ஒருவன் வேண்டும் என்று ஆற்றோரத்தில் இருந்த அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு என்னை அனுப்பினார்கள். என் அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். சீருடையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டு போய்க் கோப்ரலின் முன்னால் விறைப்பாக நின்றேன்.

"உன் பேரு என்னாங்க?"

"சூசை, கோப்ரல்."

"சூசாவா?"

மலாயில் 'சூசா' என்றால் கஷ்டம், தொல்லை. கோப்ரல் தலையில் கை வைத்துக்கொண்டார். "அலமாக்! இங்க ஏற்கெனவே நெறைய சூசா இருக்கு. மேலிடத்துல பாத்து இன்னொண்ணு அனுப்பிச்சிருக்காங்க!"

பின்னால் நின்ற மலாய்க் கான்ஸ்டபிள்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவரே எழுந்து வந்து, என் தோளில் கை போட்டு, அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போய், தன் கையால் கோப்பி கலந்து கொடுத்தார். அன்றிலிருந்து நான் ரோந்து முடித்துத் திரும்பும்போதெல்லாம், "சூசா வந்திடுச்சு, கதவைத் தொறங்க" என்றுதான் வரவேற்பு.

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம். பக்கத்துத் தோட்டத்துக் கள்ளுக்கடையில் வெட்டுக்குத்து என்று ஓர் ஆள் ஓடி வந்தான். கோப்ரலும் நானும் போனோம். உள்ளே முனியன் என்பவனும் கறுப்பையா என்பவனும் ஆளுக்கொரு பாராங் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார்கள். தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளில் முனியன் மேல் லயத்துக்காரன், கறுப்பையா கீழ் லயத்துக்காரன். மாரியம்மன் திருவிழாவில் வெட்டிய கிடாவின் தலை எந்த லயத்துக்கு என்பதுதான் தகராறு. இரண்டு லயத்து ஆட்களும் அவரவர் பக்கம் கூடிவிட்டார்கள். பெஞ்சுகள் கவிழ்ந்து கிடந்தன. "வாடா!" "நீ வாடா!" என்று இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் தடியை உருவிவிட்டேன். ஊதலும் வாய்க்குப் போய்விட்டது. கோப்ரல் என் வாயிலிருந்து ஊதலைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஊதாதே. நாய்தான் வரும்."

அப்புறம் இடது கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே நேரே நடுவில் நடந்துபோனார். கவிழ்ந்திருந்த ஒரு பெஞ்சை நிமிர்த்தினார். இரண்டு கத்திகளுக்கும் நடுவில் அதில் உட்கார்ந்தார்.

"ஐயோ அம்மா, என்னால முடியலடி," என்றார். "பல்லு வலி உயிரு போகுது. யாருக்காச்சும் மருந்து தெரியுமா?"

கடை அமைதியாகிவிட்டது. போலீஸ் வந்தால் அதட்டும், அடிக்கும், பிடித்துக்கொண்டு போகும். அதற்கெல்லாம் அவர்கள் தயாராக இருந்தார்கள். பல்வலிக்கு யாரும் தயாராக இல்லை.

"கிராம்பு வச்சுக் கடிங்க ஐயா," என்றது ஒரு குரல்.

"கிராம்பாவது ஒண்ணாவது. உப்புத் தண்ணியில கொப்பளிக்கச் சொல்லு."

"கள்ளை வாயில அடக்கினா விட்டுப்போகும்."

"அவரு சாயபு, கள்ளைத் தொடுவாரா? புத்தி இருக்கா உனக்கு?"

முனியன் ஓர் அடி கிட்டே வந்தான். "எந்தப் பல்லு ஐயா? தொறங்க, பாப்போம்." வாயைப் பிடித்துப் பார்க்க இரண்டு கையும் வேண்டுமே. பாராங்கை மேசைமேல் வைத்துவிட்டான்.

"அவனுக்கு என்னா தெரியும்? தள்ளுடா. எங்கப்பாரு ஊருல பல்லுப் புடுங்கினவரு," என்று கறுப்பையாவும் தன் கத்தியை அதே மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தான். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டு கோப்ரலின் வாய்க்குள் எட்டிப் பார்த்தன. நான் இரண்டு பாராங்கையும் எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிராம்பா உப்பா என்று அங்கே பெரிய சண்டையே நடந்துகொண்டிருந்தது. ஆனால் அது வாய்ச்சண்டை.

திரும்பி வரும் வழியில், "இப்போ வலி எப்படி இருக்கு கோப்ரல்?" என்று கேட்டேன். நிஜமாகத்தான் கேட்டேன்.

அவர் நின்று, வாயைப் பிளந்து காட்டினார். எருமைக்கு இருப்பது மாதிரி வெள்ளை வெளேரென்று வரிசையாகப் பல். "எந்தப் பல்லுங்க சூசா?" என்று கேட்டுவிட்டு, ரப்பர் காடு முழுவதும் எதிரொலிக்கச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் சொன்னார்: "முனியனுக்கு வெட்டணும்னு ஆசையில்ல. ஆனா வெட்டாம போனா நாளைக்குப் பெரட்டுல சிரிப்பாங்க. கத்தியக் கீழ வைக்க அவனுக்கு ஒரு சாக்கு வேணும். அதை நம்ம குடுக்கணும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, குரலை மாற்றிக்கொண்டு மறுபடி சொன்னார்: "ஆனா எல்லாருக்கும் இது ஆகாது. ஆயுதம் எடுக்கிறவன்ல ரெண்டு சாதி இருக்கு. ஒருத்தன் இதுலேர்ந்து எப்பிடிடா வெளிய போறதுன்னு வழி தேடுறவன். இன்னொருத்தன் வழிய முடிவு பண்ணிட்டு வந்தவன். ரெண்டாவது ஆளுகிட்ட பல்லைக் காட்டக் கூடாது."

இந்தக் கடைசி வார்த்தையை நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் கோப்ரல் இறந்த பிறகு, "அவர் விளையாட்டுப் புத்திக்காரர், துப்பாக்கிக்காரனிடமும் வேடிக்கை காட்டப்போய்த்தான் செத்தார்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. இன்றைக்கும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அங்கே இருந்தேன். நடந்தது இதுதான்.

ஆற்றுக்கு மேலே ஒரு கடையில் கொள்ளையடித்துவிட்டுக் கடைக்காரரையும் சுட்டுக் கொன்றவன் ஒருவன் சம்பான் படகில் ஆற்றோடு வருகிறான், கையில் ரிவால்வர் இருக்கிறது என்று ரயில் நிலையத்துக்குத் தந்தி வந்தது. ஆள் அடையாளமும் அதில் இருந்தது. மற்ற கான்ஸ்டபிள்கள் ஒரு வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். ஸ்டேஷனில் கோப்ரலும் நானும்தான். அன்றைக்குப் பார்த்து அக்கரைக் கோயிலில் விசேஷம். தோட்டத்து ஜனங்களெல்லாம் பால்குடமும் பிள்ளைகுட்டிகளுமாகப் படகுத்துறையில் தோணிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கோப்ரல் அன்று ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் யோசித்தார். "துறையில கை வைக்கக் கூடாது. ஜனங்க இருக்கு. அவன் எறங்கட்டும். ரயிலுக்குத்தான் போவான். மர ஆலைக்குப் பின்னால ஆள் இல்லாத எடத்துல புடிப்போம்." சீருடையைக் கழற்றிவிட்டுச் சாரம் கட்டிக்கொண்டார். ரிவால்வரை மடியில் செருகினார். எனக்கு ஒரு வேட்டி கிடைத்தது. கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதற்காக, துறையில் ஒரு பெண்ணின் தட்டிலிருந்து விபூதியை எடுத்து என் நெற்றியில் பட்டையாக இழுத்துவிட்டார். நான் ஞானஸ்நானம் பெற்றவன். தயங்கினேன்.

"உன் சாமி கோவிச்சுக்காது. நான் பேசிக்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு எதிரே இருந்த கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சம்பான் வந்தது. அவன் இறங்கினான். தோளில் ஒரு துணி மூட்டை. ஒரு கை சட்டைக்குள் இருந்தது. யாரையும் பார்க்காமல் கூட்டத்தை ஒட்டி நடந்தான். கோப்ரல் நினைத்தபடியே ரயில் பாதைப் பக்கம் திரும்பினான். நான் அவனுக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு நடந்தேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

துறையில் வடை விற்கும் ஒரு அம்மா இருந்தார். அஞ்சலை என்று பெயர். கோப்ரலைச் சாரத்தில் பார்த்ததும் அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கோப்ரல் ஐயா! என்னாங்க இன்னிக்கு மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க?"

ஊரே நேசித்த மனிதர். அந்த நேசம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. 'கோப்ரல்' என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் சடாரென்று கடைப் பக்கம் திரும்பினான். சட்டைக்குள் இருந்த கை துப்பாக்கியோடு வெளியே வந்தது.

இப்போது அவனுக்கு முன்னால் கோப்ரல். அவனுக்குப் பின்னால் பால்குடங்கள். கோப்ரலின் கை மடிக்குப் போனதை நான் பார்த்தேன். உருவிச் சுட்டிருக்கலாம், நேரம் இருந்தது. குறி தவறினால் குண்டு எங்கே போகும் என்பதையும் அவர் பார்த்தார். மடியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"உக்காருங்க! எல்லாரும் கீழ உக்காருங்கடி!"

பெரட்டுக்களத்துத் தமிழ். அந்தக் குரலுக்கு அத்தனை பேரும் அப்படியே தரையோடு தரையாக விழுந்தார்கள். கத்திக்கொண்டே கோப்ரல் அவனை நோக்கி ஓடினார். முதல் குண்டு அவர் வயிற்றில் பட்டது. அவர் நிற்கவில்லை. இரண்டாவதும் பட்டது. அதற்குள் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் துப்பாக்கியை வானத்துப் பக்கம் திருப்பிவிட்டார். நான் பின்னாலிருந்து அவன் கழுத்தில் விழுந்தேன். அப்புறம் நடந்ததைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். பித்தளைக் குடம் எவ்வளவு கனமான ஆயுதம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவனைக் கட்டிப்போட்டுவிட்டுத் திரும்பினேன். கோப்ரல் துறைப் பலகையில் சாய்ந்து கிடந்தார். கொட்டிய பாலும் ரத்தமும் பலகை இடுக்கு வழியாக ஆற்றில் சொட்டிக்கொண்டிருந்தன. குனிந்தேன்.

"யாருக்கும் படலியே?" என்றார்.

"படல கோப்ரல். ஒருத்தருக்கும் படல."

தலையை அசைத்தார். அவ்வளவுதான்.

சாயங்காலம் அடக்கம். கம்பத்துக்காரர்கள் சந்தாக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். பின்னால் தோட்டமே வந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் வந்தார்கள். முனியனும் கறுப்பையாவும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வந்து மயானத்து வேலிக்கு வெளியே என்னோடு நின்றார்கள். முனியன் மெதுவாகச் சொன்னான்:

"பாவம் ஐயா. கடைசி வரைக்கும் அந்தப் பல்லு வலியோடயே போயிட்டாரு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினேன். நான் அழுகிறேன் என்று நினைத்துக் கறுப்பையா முதுகைத் தடவிக்கொடுத்தான். இரண்டும்தான் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? கோப்ரல் பார்த்திருந்தால் என்னைவிட அதிகமாகச் சிரித்திருப்பார்.

கூட்டம் கலைந்த பிறகு அஞ்சலையம்மா வந்தார். "தம்பி, நான் கூப்பிட்டதாலயா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அவன் அதுக்கு முன்னாடியே பாத்துட்டான்," என்றேன்.

இது பொய். போலீஸ்காரன் பொய் சொல்லக் கூடாது என்று உங்களுக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். கோர்ட்டில் சொல்லக் கூடாது. மேலதிகாரியிடம் சொல்லக் கூடாது. ஒரு மனுஷி வாழ்நாள் முழுக்கச் சுமக்கப்போகிற பாரத்தை ஒரு வாக்கியத்தில் இறக்கிவைக்க முடியும் என்றால், நான் இறக்கிவைப்பேன். அந்த அம்மா அப்புறம் பல வருஷம் அதே துறையில் வடை விற்றுப் பேரன் பேத்தி எடுத்தார்.

கோப்ரலின் இடத்துக்கு ஜோகூர் பாருவிலிருந்து, கோப்ரலைவிட மேல்பதவிக்காரரான ஒரு சார்ஜனை அனுப்பினார்கள். அவரும் மலாய்க்காரர்தான். ஆனால் சுட்டுப்போட்டாலும் சிரிப்பு வராது. மலாயில்தான் பேசுவார், அதையும் அளந்துதான் பேசுவார். வந்ததும் ஒரே கட்டளை போட்டார். இனிமேல் எந்தத் தகராறாக இருந்தாலும் துப்பாக்கியோடுதான் போக வேண்டும். ஆயுதத்தோடு நிற்பவனுக்கு ஓர் எச்சரிக்கை, கேட்காவிட்டால் சுட வேண்டும். எனக்கு உள்ளுக்குள் கோபம். ஒரு நாள் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"நீ புதைத்தது உன் கோப்ரல் ஒருவரைத்தான்," என்றார் சார்ஜன். "நான் இந்த வேலையில் செத்த பல பேரைப் புதைத்துவிட்டு, ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் நின்றவன். இன்னொரு வீட்டு வாசலில் நிற்க என்னால் ஆகாது."

அதற்குப் பிறகு எனக்குக் கோபம் இல்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே.

அந்த வருஷக் கடைசியில் மழை விடாமல் கொட்டியது. சிகாமட் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. தோட்டத்து லயங்களில் கூரை மட்டும்தான் தெரிந்தது. ரயில் மேட்டில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். மரத்திலும் கூரையிலும் தொத்திக்கொண்டிருந்தவர்களைப் படகில் போய் இறக்கிக்கொண்டு வந்தோம். ஸ்டேஷன் ஆட்களில் இரண்டு பேருக்கு ஒரு படகு. என் படகில் சார்ஜன், நான், தள்ளுகோல் பிடிக்கும் படகுக்காரர். கைக்குழந்தைகளோடு நிறையப் பெண்கள். முந்தின நாளிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. பிள்ளைகள் அழுது அழுது ஓய்ந்துவிட்டிருந்தன. அழுகை நின்றதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

தோட்டத்து அரிசிக் கிட்டங்கி உயரமான செங்கல் தூண்களின் மேல் நின்றது. தண்ணீர் அதன் வராந்தாவைத் தொடவில்லை. தோட்டத்தை நடத்தும் தொரை வெள்ளத்துக்கு முன்பே பட்டணத்துக்குப் போய்விட்டார். வராந்தாவில் காவலுக்கு ஜாகாக்காரர் மட்டும் நின்றார். பழனி என்று பெயர், நடுத்தர வயது, ஒடிசலான ஆள். கையில் இரட்டைக் குழல் துப்பாக்கி. சுற்றிலும் மூங்கில் தெப்பங்களில் பசித்த ஆண்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கிட்ட வந்தா சுட்டுடுவேன்! ஒரு படி அரிசி போனாலும் என் தலை போயிடும்னு தொரை சொல்லிட்டுப் போயிருக்காரு! சத்தியமா சுட்டுடுவேன்!"

எங்கள் படகு நெருங்கியதும் துப்பாக்கி எங்கள் பக்கம் திரும்பியது. நேரே குழந்தைகளை நோக்கி. சார்ஜன் ரைபிளைத் தோளில் வைத்துக் குறி பார்த்துவிட்டார்.

"துப்பாக்கியைக் கீழே போடச் சொல். மூன்று எண்ணுவேன் என்று சொல்."

தமிழில் சொன்னேன். பழனிக்குக் காதில் ஏறவே இல்லை. அதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார்.

"சாத்து," என்றார் சார்ஜன். மலாயில் ஒன்று.

தம்பிகளா, உங்களிடம் இப்போது ஜீப் இருக்கிறது, கம்பியில்லாத் தந்தி இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அதெல்லாம் உதவாது. கண்தான் உதவும். மலாய்க்காரர்கள் நம்மை 'மாத்தா-மாத்தா', கண்கள் என்று கூப்பிடுவது சும்மா இல்லை. நான் பழனியைப் பார்த்தேன். துப்பாக்கியைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தேன். இடுப்பில் துண்டைக் கட்டி, அதன் மறுமுனையை வராந்தாக் கம்பத்தோடு முடிச்சுப் போட்டிருந்தார். தூங்கி வழிந்து தண்ணீரில் விழுந்துவிடக் கூடாது என்று தன்னைத்தானே கட்டிக்கொண்டிருக்கிறார். கொல்வதற்கு முடிவு செய்துவிட்டவன் தன்னைக் கம்பத்தில் கட்டிக்கொள்வானா? இவர் யாராவது வந்து தன்னை விடுவிக்க மாட்டார்களா என்று ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

"டுவா."

வெள்ளம் படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. படகுக்காரர் தள்ளுகோலை ஊன்ற இடமில்லாமல் திணறினார். என் காலடியில் படகின் தலைக்கயிறு சுருண்டு கிடந்தது. நான் எழுந்து நின்றேன். சார்ஜனின் ரைபிளுக்கு நேரே என் முதுகு. அது எனக்குத் தெரியும். படகு ஒரு குலுங்கு குலுங்கிற்று.

"பழனி அண்ணே!" என்று கத்தினேன். "கயித்தப் புடிங்க! படகு போவுது, புள்ளைங்க இருக்குதுண்ணே! புடிங்க!"

கயிற்றை அவர் மார்பைப் பார்த்து வீசினேன்.

மனிதன் யோசிப்பதற்கு முன்பே கை வேலை செய்துவிடும். பழனி இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்தார். துப்பாக்கி வராந்தா விளிம்பில் தட்டி, 'ப்ளக்' என்று தண்ணீரில் விழுந்தது. கயிறு விறைத்துப் படகு நின்ற வேகத்தில் சார்ஜன் பொத்தென்று பின்னால் சாய்ந்து, ஒரு பாட்டியம்மாவின் மடியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, துப்பாக்கி! தொரை என்னைக் கொன்னுடுவாரு!" என்று பழனி அலறினார்.

"துப்பாக்கி போனா போவுது, கயித்த விட்டுடாதீங்கண்ணே!"

"விடுவனா? புள்ளைங்க இருக்கில்ல… ஆனா துப்பாக்கி!" அழுதுகொண்டே கயிற்றைத் தூணில் சுற்றி முடிச்சுப் போட்டார். நல்ல முடிச்சு.

"அரிசிக்குப் போலீஸ் பொறுப்பு," என்று நான் சொல்லிவிட்டேன். எனக்கு அந்த அதிகாரமே இல்லை. சார்ஜனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாட்டியம்மாவின் மடியிலிருந்து எழுந்து தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். என்னை முறைத்தார். குழந்தைகளைப் பார்த்தார். அப்புறம் கிட்டங்கியைப் பார்த்துச் சொன்னார்:

"ஆமாம். போலீஸ் பொறுப்பு. கதவைத் திற."

மண்ணெண்ணெய் டின்னில் கஞ்சி காய்ச்சினோம். தெப்பங்களில் கூச்சல் போட்டவர்களெல்லாம் நல்ல பிள்ளைகளாக வரிசையில் நின்றார்கள். பழனிதான் பரிமாறினார். சொந்த மகளின் கல்யாணப் பந்தி மாதிரி ஒவ்வொருவரையும் உபசரித்தார். "சார்ஜன் ஐயா, வெக்கப்படாம இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோங்க. அரிசி நம்மளுதுதான்." சார்ஜன் தட்டை நீட்டினார்.

வெள்ளம் வடிந்தது. எங்கும் முழங்கால் அளவு சேறு. நாங்கள் ஸ்டேஷனைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு காலைநேரம், பழனி ஒரு சாக்கு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தார். தூணடியில் சேற்றைத் தோண்டித் துப்பாக்கியை எடுத்துவிட்டாராம்.

"தொரைகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு பார்வை பாத்துடுங்க சார்ஜன் ஐயா. கெட்டுப்போச்சான்னு தெரியல."

நான் மலாயில் சொன்னேன். சார்ஜன் வாங்கி, ஆபத்து வந்துவிடக் கூடாதே என்று வாய்ப்பக்கத்தைச் சுவரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, குழலை மடக்கித் திறந்தார். ஒரு குழலில் சேறு. மற்றதிலும் சேறு. குச்சியை விட்டுக் குடைந்து பார்த்தார். வேறு ஒன்றும் இல்லை.

"தோட்டா எங்கே?"

"தோட்டாவா?" பழனி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அது எங்கங்க குடுத்தாங்க? ஆரம்பத்துலேர்ந்தே வெறுந் துப்பாக்கிதான். சும்மா புடிச்சுக்கிட்டு நில்லு, பயந்துடுவாங்கன்னு தொரை சொன்னாரு."

அதை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சார்ஜன் கேட்டுக்கொண்டார். துப்பாக்கியை மேசைமேல் மெதுவாக வைத்தார். பழனிக்குக் கோப்பி கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டுப் பழனி கும்பிடு போட்டுப் போனார். சேற்றில் கால் வழுக்காமல் அவர் ரோட்டுக்கு ஏறும்வரை சார்ஜன் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய இடது கை, அன்று ரைபிளை வைத்திருந்த வலது தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"சூசை," என்றார் திரும்பாமல். "நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்."

ஒரு கான்ஸ்டபிளை அவர் அதுவரை உட்காரச் சொன்னதே இல்லை. உட்கார்ந்தேன்.

"உன் கோப்ரல் எப்படிப்பட்ட ஆள்? சொல்."

"எதைச் சொல்ல, சார்ஜன்?"

"எல்லாவற்றையும்," என்று சொல்லிக்கொண்டே எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

சொல்ல ஆரம்பித்தேன். டியூட்டி மாறும் மணி அடித்தும் அவர் என்னை எழுந்திருக்க விடவில்லை.